எண்ணெய் பட்ட பக்கம்

அண்ணி,

இந்த மடலில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன். கூட்டி எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். எனக்குக் குறைத்து எழுதுவதுதான் சுலபமாக வரும். அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சற்று முன்பு அம்மா விளக்கெண்ணெயைச் சூடு காட்டி உங்கள் மகளின் உச்சியில் வைத்தாள். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. எண்ணெய் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவிக்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் உங்கள் ஜாடை என்கிறார்கள். நான் கூடத்தில் அல்ஜீப்ராக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்தது. அதற்குப் பிறகு ஒரு கணக்கும் ஓடவில்லை.

இந்த மாதம் கார்டுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததால் விளக்கிலும் விளக்கெண்ணெய்தான் எரிகிறது. எல்லாம் உங்கள் சட்டியில் இருந்த எண்ணெய். உங்கள் அம்மா குன்னத்தில் பருத்திக் காட்டு வரப்பில் விளைந்த ஆமணக்கை வறுத்து, இடித்து, காய்ச்சி, நீங்கள் கல்யாணமாகி வந்தபோது கொடுத்தனுப்பிய அந்தக் கறுப்புச் சட்டி. 

நான் மூன்று தடவை எழுந்து அடுப்படிக்குப் போனேன். இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை, "அம்மா, ஒரு சங்கதி சொல்லணும்" என்றேன். "என்ன, நோட்டு வாங்கணுமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் எனக்குத் தேவையில்லாத ஒரு நோட்டு நாளைக்கு வரும்.

இப்படியே இருந்தால் எனக்கு வாழ்நாள் முழுவதும் நோட்டுகள்தான் சேரும். ஆகையால் முதலில் உங்களிடம் எழுதிவிடுகிறேன். எழுதி முடிப்பதற்குள் எழுந்து போய் அம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும். அது என் ஏற்பாடு.

அது போன வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. உங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே விக்கிரமங்கலத்துக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டார்கள். வீட்டில் நீங்கள், நான், அண்ணன் மூன்று பேர்தான். அண்ணன் வயலுக்குப் போன சுருக்கில் திரும்பி வந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவன் மாட்டைக்கூடக் கட்டாமல் கூடத்தில் சுருண்டு படுத்தான். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான்.

நீங்கள் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்தீர்கள். நான் என்ன செய்தேன் என்றால், பெட்டியைத் திறந்து சுகாதாரப் பாடப் புத்தகத்தை எடுத்தேன். அதில் வயிற்றுக் கோளாறு பற்றி ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்காக அதைத் தலைகீழாகப் படித்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். கோளாறு கண்டால் விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற எண்ணெய்தானே. வீட்டுப் பழக்கமும் புத்தகமும் ஒன்றையே சொல்லும்போது எனக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

நீங்கள்தான் தயங்கினீர்கள். "அத்தை வரட்டும் பாப்பா. எனக்கென்னமோ இது சாதா வலி மாதிரி தெரியல" என்றீர்கள்.

"புத்தகத்துல போட்டிருக்கு அண்ணி" என்றேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவர் நீங்கள். அச்சில் வந்ததற்கு எதிராக என்ன சொல்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அது எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன். நானே சட்டியைத் திறந்தேன். நானே இரண்டு கரண்டி ஊற்றினேன். வெந்நீரில் கலந்து அண்ணனைத் தூக்கி உட்காரவைத்துக் குடிக்க வைத்தவளும் நானே. வலியில் கண்ணைத் திறக்காத அவனுக்கு அது யார் கை என்றே தெரியாது. காலை ரெயில் அரியலூர் ஸ்டேஷனில் ஊதுகிற சத்தம் அப்போது கேட்டது. பிறகு எண்ணெய்க் கையோடு புத்தகத்தை எடுத்து, அளவு சரிதானா என்று இன்னொரு தரம் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் வலி வலது பக்கம் இறங்கிவிட்டது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வலது காலை நீட்ட முடியவில்லை. வயிற்றைத் தொட்டால் பலகையைத் தொடுவது போல இருந்தது. அண்ணன் முனகுவதை நிறுத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. நான் வாசலுக்கு ஓடினேன், கொல்லைக்கு ஓடினேன், மறுபடியும் வாசலுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றும் தெரியாது. நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"பயப்படு, யாரு வேணாம்னா? ஆனா நின்னுகிட்டு பயப்படு. பருத்திக் காட்டுல பாம்பப் பாத்தா நாங்க அப்படித்தான். ஓடுனாத்தான் மிதிப்போம்."

பிறகு நீங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். அன்று பார்த்ததில் மிகத் தெளிவாக நினைவிருப்பது அதுதான். அடுப்பை அணைத்தீர்கள். சோற்றை மூடினீர்கள். மாட்டை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டினீர்கள். எதிர்வீட்டு ஆளை விக்கிரமங்கலத்துக்கு அனுப்பினீர்கள். "வயித்து வலின்னு மட்டும் சொல்லுங்க, பயமுறுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் வண்டி பூட்டச் சொன்னீர்கள். ஒரு துவைத்த வேட்டி, ஒரு செம்பு, ஒரு துண்டு எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினீர்கள். உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் மட்டும், பருத்தியிலிருந்து கொட்டை எடுப்பது போல, முந்தானையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தன.

நான் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? சுகாதாரப் புத்தகம். ஏன் என்று கேட்காதீர்கள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் அது என் கையில் இருப்பதைப் பார்த்தேன்.

அரியலூருக்கு நாலு மைல். மழை பெய்து பாதை குழிகுழியாக இருந்தது. வண்டி ஒவ்வொரு குழியிலும் இறங்கும்போது அண்ணன் பல்லைக் கடித்தான். நீங்கள் வைக்கோல்மேல் அவன் காலடியில் உட்கார்ந்து, மடக்கிய முழங்காலுக்கு உங்கள் முதுகை முட்டுக்கொடுத்தபடி வந்தீர்கள். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பெரியப்பா கடைசியில், "ஏ புள்ள, நீ கேக்குறதுக்கெல்லாம் பதில் சொன்னா மாடு நின்னுரும்" என்றார்.

டவுனுக்குள் நுழையும்போது அவர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். வீட்டில் மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். நீங்கள் எண்ணெய் என்றீர்கள்.

"அத அங்க சொல்லாதே மருமவளே. நாட்டு வைத்தியம் பண்ணிட்டு வந்தீங்களான்னு டாக்டரு சத்தம் போடுவாரு. தொடவே மாட்டாரு. எங்க மச்சான அப்படித்தான் திருப்பி அனுப்பிட்டாங்க."

அந்த மச்சானை யாரும் திருப்பி அனுப்பவில்லை, அவரேதான் பயந்து எழுந்து வந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்று வண்டிக்குள் அது வேதவாக்காக இருந்தது. எங்கள் ஊரில் அப்படி நம்பாதவர்கள் யார்? ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நெற்றியில் பூசிய பற்றைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்த நெடி வந்துவிட்டது, டிஞ்சரும் லைசாலும் கலந்த நெடி. கம்பவுண்டர் சீட்டு எழுத உட்கார்ந்திருந்தார். நோயாளியின் பேர் என்ன என்று உங்களைக் கேட்டார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். புருஷன் பேரை எப்படிச் சொல்வீர்கள்? "ஏம்மா, பேரு வைக்காமலே கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டாங்களா?" என்றார் அவர். தூக்கிவந்து படுக்கவைத்திருந்த அண்ணன் அந்த வலியிலும் தானே தன் பேரைச் சொன்னான். மருந்துக்காகக் கையில் காலிப் புட்டியோடு காத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள். அது என்னால் மறக்க முடியாத சிரிப்பு. விரல்கள் முந்தானையைப் பிய்த்துக்கொண்டிருக்க, உதடு மட்டும் சிரித்தது.

டாக்டர் வந்தார். சின்ன உருவம், கண்ணாடி, முழங்கை வரை மடித்த சட்டை. அவர் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எப்போது ஆரம்பித்தது, எங்கே ஆரம்பித்தது, எத்தனை வாந்தி என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் நேரத்தோடு பதில் சொன்னீர்கள். தொப்புளைச் சுற்றி இருந்த வலி எப்போது பக்கவாட்டில் இறங்கியது என்பது வரை சொன்னீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நான் ஒன்றையும் குறித்து வைத்திருக்கவில்லை.

பிறகு அவர் கைகழுவப் போகிற வழியில் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் புத்தகம் வைத்திருந்ததால் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

"பேதிக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

வாசற்படியில் நின்ற பெரியப்பா தலையை ஆட்டினார். நான் அவரைப் பார்த்தேன். டாக்டரைப் பார்த்தேன்.

"இல்லைங்க சார்" என்றேன்.

அண்ணி, நான் உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். பெரியப்பா தலையை ஆட்டியதால் மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. கொடுத்தது யார் என்று அடுத்ததாகக் கேட்பாரே என்று பயந்து சொன்னேன்.

டாக்டர் தலையசைத்தார். அப்படியானால் ராத்திரி முழுவதும் ஒன்றும் உள்ளுக்குக் கொடுக்காமல் வைத்துப் பார்க்கலாம், காலை ரெயிலில் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், அங்கே வசதி அதிகம் என்றார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கதவு வரை போய்விட்டார்.

"சார்" என்றீர்கள் நீங்கள். அவ்வளவு பெரிய சத்தம் உங்களிடமிருந்து நான் கேட்டதில்லை. "குடுத்தமுங்க. விளக்கெண்ணெய். ரெண்டு கரண்டி. காலை வண்டி ஊதுனப்ப. பாதி வாந்தில போயிருக்கும். இந்தப் பொண்ணு பயந்துகிட்டு இல்லேங்குது. நான்தாங்க குடுத்தேன்."

டாக்டர் திரும்பி வந்தார். அவர் திட்டியதை எல்லாம் எழுத எனக்கு மனமில்லை. வயிற்று வலி என்றால் உடனே எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிவிடுவதா, குடல்வால் வீங்கிக் கிடக்கிறவனுக்கு இதைக் கொடுத்தால் அது வெடிக்காதா என்றெல்லாம் கேட்டார். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டீர்கள். திட்டிக்கொண்டே அவர் கம்பவுண்டரைக் கூப்பிட்டார், தண்ணீர் கொதிக்கவைக்கச் சொன்னார், விளக்கை ஏற்றச் சொன்னார். காலை வரை தாங்காது, இங்கேயே, இப்போதே அறுக்க வேண்டும் என்றார்.

வீட்டு ஆண்கள் யாரும் வரவில்லை. கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும். கம்பவுண்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "படிச்சுக் காட்டு பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வரிகள். நான் விரல் வைத்துப் படித்தேன். நாலாவது வரியில், சிகிச்சையின்போது உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் டாக்டர் பொறுப்பல்ல என்று இருந்தது. என் விரல் அதைத் தாண்டி ஐந்தாவது வரிக்குப் போய்விட்டது.

நீங்கள் பேனாவை வாங்கவில்லை.

"ஒரு வரி விட்டுட்டே பாப்பா."

"அது ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லேன்னா படி."

படித்தேன். குரல் நடுவில் நின்றுவிட்டது, மறுபடி தொடங்கிப் படித்தேன். நீங்கள் கேட்டுவிட்டு, "சரி, இப்ப குடு" என்று வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக உங்கள் பேரை எழுதினீர்கள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, மறுபடி வாங்கி வைத்தீர்கள்.

பிறகு அந்த பெஞ்சு. உங்களோடு நான் உட்கார்ந்த எல்லா இடங்களிலும் எனக்கு இன்றைக்கும் கனவில் வருவது அந்த பெஞ்சுதான். மழை மூட்டத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. அறுவை அறையின் கதவில் மேல்பாதி கண்ணாடி, அதற்கு உள்ளே வெள்ளைச் சாயம். பெட்ரோமாக்ஸின் இரைச்சல் கேட்டது. வெளிச்சம் அந்தச் சாயத்தின் வழியாக நம் மடியில் விழுந்தது. புட்டிக்காரர் தன் புட்டிக்குக் கிடைத்த சிவப்பு மருந்தைக் காட்டி, தலைவலிக்கும் இதே தண்ணீர், கால்வலிக்கும் இதே தண்ணீர் என்று பெரியப்பாவிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், எழுந்து நின்றேன். நீங்கள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "ஏதாச்சும் படி. உனக்கு அதானே வரும்" என்றீர்கள்.

மடியில் இருந்தது ஒரே புத்தகம். திறந்தேன். அந்தப் பக்கமே திறந்துகொண்டது. மேல் ஓரத்தில் என் கட்டைவிரல் பட்ட இடத்தில் எண்ணெய் ஊறி, ஒரு ரூபாய் அகலத்துக்குக் காகிதம் கண்ணாடி போல ஆகியிருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அதன் வழியாக வந்தது. அந்த வட்டத்துக்குள் பின்பக்கத்து எழுத்துகள் வலமிடமாகத் தெரிந்தன. நான் சும்மா இருக்க முடியாதவள். அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் படித்தேன். "கொடுக்கலாகாது" என்று வந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். கடுமையான வலியும் வாந்தியும் சேர்ந்து இருந்தால் பேதி மருந்து கொடுக்கலாகாது, உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. காலையில் நான் திருப்பாத பக்கத்தின் முதல் வரி.

உங்களிடம் காட்டினேன். நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். வெகு நேரம் படித்தீர்கள். பிறகு புத்தகத்தை மூடி உங்கள் பக்கத்தில் வைத்து, அதன்மேல் துண்டை மடித்துப் போட்டீர்கள்.

அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது விளக்கு இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் கம்பவுண்டர் வழியாக எண்ணெய்க் கதை வாசல் வரை போயிருந்தது. அம்மா உங்களைத்தான் முதலில் பார்த்தாள்.

"குன்னத்துக் காட்டுலேருந்து சட்டியோட வந்தியே, எம் புள்ளைக்கு ஊத்தத்தானா?"

நான் எழுந்தேன். சொல்லத்தான் எழுந்தேன் என்று நம்ப விரும்புகிறேன். நீங்கள் என் பாவாடையைப் பிடித்து மறுபடியும் இழுத்தீர்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு லேசாகத்தான் இழுத்தீர்கள் அண்ணி. நிற்க நினைத்திருந்தால் நின்றிருக்கலாம்.

இரைச்சல் நின்றது. கண்ணாடி இருண்டது. உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள். நல்லதாக முடிந்ததா, கெட்டதாக முடிந்ததா என்று அந்த இருட்டு சொல்லவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துக்கொள்வான் என்றார். "காலை வண்டிக்குன்னு காத்திருந்தா வண்டிக்கு ஆள் இருந்திருக்க மாட்டான். எண்ணெய் குடுத்தேன்னு இந்தப் பொண்ணு உண்மையச் சொல்லிச்சு, அதனால பொழச்சான்" என்றார். அப்பா கும்பிட்டார். அம்மாவுக்கு அந்த வாக்கியத்தில் எண்ணெய் என்கிற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணன் இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அம்மா உங்கள் கையால் யாருக்கும் ஒரு கஷாயம் கொடுக்க விடவில்லை. விருந்தாளி வந்தால், "எண்ணெய் குடுத்த மவராசி இவதான்" என்று அறிமுகம். ஒரு நாள் மாட்டுக்கொட்டகையில் நான் அழுதுகொண்டே, இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். நீங்கள் சாணியை அள்ளிக்கொண்டே, "சொல்லு. நாளைக்கே புத்தகத்தையெல்லாம் அடுப்புல வெச்சுட்டு உனக்கு மாப்பிள்ளை பாப்பாங்க. படிச்சுப் படிச்சு அண்ணனக் கொல்லப் பாத்தாம்பாங்க. எனக்கு என்ன, பேச்சுதானே" என்றீர்கள்.

பேச்சுதானே என்று நானும் எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

வளைகாப்பு முடிந்து உங்களைக் குன்னத்துக்கு அழைத்துப் போன அன்று, வண்டியில் ஏறிய பிறகு என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டீர்கள். "எண்ணெய்ச் சட்டிய உன்ன நம்பி விட்டுட்டுப் போறேன். யாருக்கும் குடுத்துராதே" என்று காதில் சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் என்னோடு கடைசியாகப் பேசியது அது. மாசியில் ஆள் வந்து, குழந்தை இருக்கிறது, நீங்கள் இல்லை என்று சொன்னான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். புத்தகப் பை தோளில்தான் இருந்தது.

அங்கே உங்கள் பக்கத்தில் யார் நின்றார்கள்? எப்போது ஆரம்பித்தது, எங்கே வலி என்று நேரத்தோடு சொல்ல ஆள் இருந்ததா? ஒரு வரி விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல ஆள் இருந்ததா? இதையே கேட்டுக் கேட்டு நான் வீட்டுக்குள் நடக்கிறேன். அம்மா, "ஏன்டி சுத்துறே, ஒரு எடத்துல உக்காரேன்" என்கிறாள். உட்காரவைக்கப் பாவாடையைப் பிடித்து இழுக்க இப்போது யாரும் இல்லை.

இங்கே நிறுத்துகிறேன். அடுப்படிக்குப் போகிறேன்.

சொல்லிவிட்டேன்.

குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தையும் எடுத்துப் போனேன். எண்ணெய் பட்ட பக்கத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வட்டத்தை மட்டும் பார்த்தாள். அது என் கட்டைவிரல் என்றேன். இரண்டு கரண்டி ஊற்றியது நான் என்றேன். அண்ணி வேண்டாம் என்று சொன்னார்கள், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று நான்தான் சொன்னேன் என்றேன்.

அம்மா குழந்தையின் கால்மேல் துணியை இழுத்து மூடினாள்.

"அவதானே குடுத்தேன்னா டாக்டர்கிட்ட."

"எனக்காகச் சொன்னாங்க. என் படிப்ப நிறுத்திடுவீங்கன்னு."

அம்மா குழந்தையின் உச்சியைத் தடவினாள். எண்ணெய் ஏற்கெனவே காய்ந்துவிட்ட இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினாள்.

"எத்தன பேரு முன்னாடி பேசுனேன். ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தாளா அவ" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீயுந்தான் தொறக்கல."

எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. கால் வாசல் பக்கம் திரும்பியும்விட்டது. நின்றேன், அண்ணி. நின்றுகொண்டுதான் பயப்பட்டேன்.

அம்மா படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் அண்ணனும் வந்ததும் சொல்வாளோ என்னவோ. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே புத்தகங்களைப் பையில் அடுக்கி வைத்திருக்கிறேன். சுகாதாரப் புத்தகத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன். அது இரண்டு வகுப்புக்கு முந்தைய புத்தகம்; எடைக்குப் போட்டிருக்க வேண்டியது. நான் எங்கே போனாலும் அது வரும்.

மணி ஏழுகூட ஆகவில்லை. விளக்கு வைத்த நேரத்தில் அதை அணைக்கக் கூடாது என்று எங்களை அடித்து வளர்த்தவள் அம்மா. அவள் குழந்தையை என் மடியில் மாற்றிவிட்டு, எழுந்து போய், என் பக்கம் திரும்பாமலே, விரலால் திரியை உள்ளே இழுத்தாள்.

அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வருகிற தணல் வெளிச்சத்தில், குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஆனால் ஒரு வரியும் விடவில்லை. அடுப்படியில் அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. முகம் தெரியாமல் அழத்தான் விளக்கை அணைத்திருக்கிறாள்.